குடித்த கதையை ஏன் ஓயாமல் சொல்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடித்த ராத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏன் யாராலும் நிறுத்த முடிவதில்லை?

ஏனென்றால் அந்த ராத்திரியில் சொல்லிக்கொள்ளும்படி பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. குடிக்காமல் கூட உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லி, ஒருவர் பேசுவதை இன்னொருவர் காதில் வாங்காமல், மூன்று மணி நேரம் போகும். மறுநாள் டீக்கடையில் "நேத்து நீ என்ன பண்ணே தெரியுமா" என்று ஒருவர் எடுத்துக் கொடுக்கும்போதுதான் அந்த ராத்திரிக்கே உயிர் வருகிறது. பல கூட்டங்களில் மறுநாள் கதைக்காகத்தான் முந்தின நாள் சரக்கே வாங்கப்படுகிறது என்பது என் கணிப்பு.

கதைக்கு அடியில் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. நேற்று நான் செய்ததற்குச் சிரித்துவிடுங்கள், கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். கேட்பவர்கள் சிரித்துவிட்டால் மன்னித்தாயிற்று. யாராவது ஒருவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் கதை சொல்பவருக்கு உடனே குரல் ஏறும், இன்னும் இரண்டு சம்பவத்தைச் சேர்த்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு எவ்வளவு தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

நீங்கள் குடிப்பீர்களா?

இல்லை. கூட்டத்தில் எல்லோரையும் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கென்று ஒருவர் இருப்பார் அல்லவா, அந்த ஆள் நான். சைடு டிஷ்ஷைப் பாதிக்கு மேல் காலி செய்வதும் நான்தான் என்று ஒரு புகார் உண்டு, மறுப்பதற்கில்லை. ஒரே ராத்திரியை நான்கு வாயில் நான்கு விதமாகக் கேட்டிருக்கிறேன். நான்குமே பொய் என்று சொல்ல மாட்டேன், நான்குமே ஒழுங்கு செய்யப்பட்டவை.

பாதி நினைவே இல்லை என்கிறார்கள், அப்புறம் எப்படி இவ்வளவு விவரமாகச் சொல்கிறார்கள்?

மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான். இதற்கு மூளைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. ரத்தத்தில் மதுவின் அளவு மளமளவென்று ஏறும்போது, வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் முக்கியமாக, நடப்பதை நீண்ட கால நினைவாகச் சேமிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. ஆள் மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பேசுவார், பாடுவார், சண்டை போடுவார், சரியாகப் பணம் எண்ணிக் கொடுப்பார், ஆனால் எதுவும் பதிவாகாது.

அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்டு குட்வின் 1970 வாக்கில் இதைச் சோதித்துப் பார்த்தார். குடிப்பழக்கம் முற்றியவர்களுக்கு விஸ்கி கொடுத்து, பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு, மூடி போட்ட வாணலியைத் திறந்து காட்டுவார். உள்ளே செத்த எலிகள். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் அவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. செத்த எலியையே மறக்கிற மூளை, நண்பனிடம் சொன்ன சுடுசொல்லை மட்டும் எப்படி வைத்திருக்கும்?

போன நினைவு பிறகு யோசித்தால் திரும்பி வரும் என்பது சரியில்லை. துண்டு துண்டாக மறந்தவர்களுக்கு யாராவது எடுத்துக் கொடுத்தால் கொஞ்சம் வரும். முழுதாகப் பதிவாகாமல் போனது போனதுதான், உள்ளே இருந்தால்தானே எடுப்பதற்கு. அதனால் மறுநாள் காலையில் இவர் போன் போடுகிறார், அவர் ஒரு துண்டைச் சொல்கிறார், இன்னொருவர் ஒரு வீடியோவை அனுப்புகிறார், மதியத்துக்குள் ஒரு முழு ராத்திரி தயார். ஒரு மாதம் கழித்து அதை "நான்" என்று ஆரம்பித்து, கண்ணால் பார்த்த மாதிரிச் சொல்வார். சொல்பவர் தன் சொந்தக் கதைக்கே கேள்விப்பட்ட சாட்சி.

ஏன் எப்போதும் சிரிப்புக் கதையாகவே இருக்கிறது? வாந்தி எடுத்ததும் சாக்கடையில் விழுந்ததும் அப்படி என்ன சிரிப்பு?

முந்திக்கொள்வதுதான் காரணம். நீங்கள் சொல்லாவிட்டால் இன்னொருவர் சொல்வார், அவர் எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் முடிப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. மறைத்துக் குடித்தாலும் ஊர்க்காரர்கள் விஷயத்தைத் தெரிந்துகொண்டு சிரிப்பார்கள் என்று வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் சொல்லிவிட்டுப் போனார். ஊர் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் அடி பாதியாகக் குறையும் என்பதை நம் ஆட்கள் அவருக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கதையில் இரண்டு பேர் வருவார்கள்: இப்போது பேசுகிற நல்ல மனிதர், அன்றைக்கு மப்பில் இருந்த இன்னொருவர். தப்பெல்லாம் அந்த இன்னொருவர் கணக்கு. 1969-இல் கிரெய்க் மெக்ஆண்ட்ரூ, ராபர்ட் எட்ஜர்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பல நாட்டு மக்கள் குடித்தால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற பதிவுகளையெல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தார்கள். ஒரே சாராயம் ஓர் ஊரில் அடிதடியையும் இன்னோர் ஊரில் அமைதியான பேச்சையும் கொண்டுவருகிறது. கை கால் தடுமாறுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான். நடத்தை எப்படி மாறும் என்பதை அந்தந்தச் சமூகமே கற்றுக்கொடுக்கிறது, குடித்திருக்கும் நேரத்தை விதிகளுக்கு விடுமுறையாகவும் விட்டுக்கொடுக்கிறது, அந்த விடுமுறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்றார்கள் அவர்கள்.

எல்லை எங்கே என்று பார்க்க ஆய்வே வேண்டாம். "என்ன பண்ணேன்னே தெரியலை" என்கிறவர் மேனேஜரை அடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் குரல் தானாக இறங்கி "சார்" என்று வருகிறது. அடி விழுவது வீட்டில். அந்தப் பகுதி மட்டும் சிரிப்புக் கதையில் வருவதே இல்லை.

அப்படியென்றால் போதை என்பது நடிப்பா?

இல்லை. போதை உண்மைதான், ஆனால் நம்பிக்கையும் அதில் கலந்திருக்கிறது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1973-இல் செய்த சோதனை ஒன்று. வோட்கா கலந்தது என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள், கையில் இருந்தது டானிக் வாட்டர் என்ற மது இல்லாத வெறும் சோடாவாக இருந்தும் அதிகம் குடித்தார்கள். வோட்கா இல்லை என்று நம்பியவர்கள், உள்ளே வோட்கா இருந்தும் குறைவாகவே குடித்தார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? முதல் மிடறுக்குப் பல வருடம் முன்னாலிருந்தே காதில் விழுந்த கதைகளிலிருந்துதான். குடித்தால் தைரியம் வரும், மனதில் இருப்பதைக் கொட்டலாம், காதலைச் சொல்லலாம் என்று கேட்டு வளர்ந்தவன் முதல் பீரிலேயே அதையெல்லாம் செய்துகாட்டிவிடுகிறான்.

கதையில் சொல்லும் அளவை நம்பலாமா?

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. டாக்டரிடமும் மனைவியிடமும் "ரெண்டு பெக்தான்". நண்பர்களிடம் அதே ராத்திரி "தனியா ஒரு ஆஃப்". உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும்.

ஒரு கணக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் பொதுவாக ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குவாட்டரை முடித்தவருக்கு விடிகாலை நான்கு மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். மோர், எலுமிச்சை, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. "காலையில எழுந்து குளிச்சிட்டுத்தான் சார் வண்டி எடுத்தேன்" என்கிற கதைகள் இங்கேதான் பிறக்கின்றன. வண்டி ஓட்டுபவருக்குச் சட்டப்படி எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

காலேஜ் ஹாஸ்டலில் குடிக்காதவர்களும் குடித்த கதை சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், இரவல் கதை. அண்ணன் கதை, சீனியர் கதை, சில நேரம் முழுக்கக் கற்பனை. கூட்டத்தில் இடம் பிடிக்க ஒரு கதையாவது வேண்டியிருக்கிறது.

கதைகள் செய்கிற பெரிய கெடுதல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். குடித்தவன் பேசுகிறான், குடிக்காதவனுக்கு அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "நேத்து ஒன்பது மணிக்குத் தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கிட்டேன்" என்பதை யார் கேட்பார்கள்? அதனால் காதில் விழுவதை வைத்துப் பார்த்தால் உலகமே குடிக்கிற மாதிரித் தோன்றுகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-இல் இந்தியா முழுக்கக் கேட்டபோது, 15 வயதைத் தாண்டிய ஆண்களில் 100-க்கு 19 பேர்தான் குடிப்பதாகச் சொன்னார்கள். பெண்களில் 1.3 சதவீதம். கூச்சத்தில் மறைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டாலும் குடிக்காதவர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் முதல் வருடப் பையனுக்கு ஹாஸ்டலில் அந்தப் பெரும்பான்மையின் சத்தமே கேட்காது.

தாத்தா காலத்துக் கதைகள் வேறு மாதிரி இருக்குமே?

ஆமாம், அவர்கள் கதையில் வில்லன் போலீஸ். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-க்குள் சென்னை மாகாணம் முழுக்க வந்தது, 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். அந்தக் காலத்து ஆட்களின் கதை பெர்மிட், திருட்டு ஊறல், வைக்கோல் போரில் ஒளித்த பானை என்று ஓடும். சாகசம் சரக்கு கிடைப்பதில்தான், குடித்த பிறகு நடந்தது பெரிதாக வராது. 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் எடுத்துக்கொண்டது. கிடைப்பதில் சாகசம் போய்விட்டது, கதை குடித்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு நகர்ந்துவிட்டது. நடுவில் 2020 மே 7 அன்று, ஊரடங்கு நடுவில் கடை திறந்த நாளில் வரிசையில் நின்ற கதை மட்டும் தாத்தா காலத்துச் சாயலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இறந்த வீட்டில் கூடக் குடித்த கதை பேசுகிறார்களே, அது சரியா?

அதை நான் குறை சொல்ல மாட்டேன். பந்தலில் ஓரமாக நாற்காலி போட்டு, போனவர் வாங்கிக் கொடுத்ததையும், கடைசிக் கட்டிங்கைத் தான் குடிக்காமல் நகர்த்தி வைத்ததையும் பேசுவார்கள். நம் மரபில் இதற்கு மிகப் பழைய முன்மாதிரி உண்டு. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் சேர்ந்து மகிழ்ந்து குடிப்பான் என்றுதான் அந்த இரங்கல் தொடங்குகிறது. எவ்வளவு குடித்தான் என்பது அங்கே பேச்சே இல்லை, எப்படிப் பகிர்ந்தான் என்பதுதான். இன்றைக்குப் பந்தலில் நடக்கிற பேச்சிலும் அளவு அநேகமாக வராது, கவனித்துப் பாருங்கள்.

பெண்கள் ஏன் இந்தக் கதைகளைச் சொல்வதில்லை?

குடிக்கிற பெண்கள் சொல்வதில்லை, ஏனென்றால் மேலே சொன்ன, குடித்த நேரத்துக்கு விதிகளிலிருந்து கிடைக்கிற விடுமுறை அவர்களுக்குக் கிடையாது. ஆண் சொன்னால் கலகலப்பு, பெண் சொன்னால் அதுவே பத்து வருடம் கழித்தும் அவளுக்கு எதிராக எடுத்து வைக்கப்படும். நெருங்கிய தோழிகளுக்குள் சொல்கிறார்கள், அதோடு நின்றுவிடுகிறது.

ஆனால் குடியைப் பற்றிப் பெண்களிடம் கதையே இல்லை என்று நினைத்தால் தப்பு. அதே ராத்திரியின் மறுபாதி அவர்களிடம்தான் இருக்கிறது. கதவைத் திறந்தது யார், வாந்தியைத் துடைத்தது யார், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியது யார்? டீக்கடைக் கதை "வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்" என்று முடிகிற இடத்தில்தான் அவர்கள் கதை ஆரம்பிக்கிறது. அதைக் கேட்கத்தான் கூட்டம் கூடுவதில்லை.

ஒரு தடவை கூடியது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம், துபகுண்டா கிராமம், 1990-களின் தொடக்கம். எழுத்தறிவு இயக்கத்தில் படிக்க வந்த பெண்களுக்குக் கொடுத்த பாடப்புத்தகத்தில், ஊர்ப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக்கடையை மூடிய கதை ஒரு பாடமாக இருந்தது. எழுத்துக் கூட்டி அதைப் படித்தவர்கள் தங்கள் வீட்டுக் கதையை ஒருவருக்கொருவர் சொல்ல ஆரம்பித்தார்கள். அவரவர் தலைவிதி என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தது, எல்லோர் வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது. அப்புறம் நிஜக் கடையை மூட வைத்தார்கள். மாவட்டம் முழுக்கப் பரவியது, சாராய ஏலத்தையே நடத்த முடியாமல் போனது, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரா முழுக்கச் சாராயத்துக்குத் தடை. 1995-இல் வந்த முழு மதுவிலக்கு 1997-இல் தளர்ந்துவிட்டது, அது வேறு அரசியல். சிரிப்புக்காகச் சொல்லப்படாத ஒரு குடிக்கதை இவ்வளவு தூரம் போனது என்பதற்காகத்தான் இங்கே சொல்கிறேன்.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் அறிந்த குடிபோதைச் சிகிச்சை மையத்தை 1980-இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதனும், கணவரைக் குடிக்கு இழந்தவர். அவர் அதை மறைக்காமல் வெளியில் சொன்னார்.

குடியை விட்டவர்களும் கூட்டம் போட்டுக் கதைதானே சொல்கிறார்கள்?

ஆமாம், அதுவும் குடித்த கதைதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்ததே அப்படி. 1935 மே மாதம், ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரம். நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழில் செய்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர், வந்த வியாபாரம் கெட்டுப்போய் ஓட்டலில் தனியாக நிற்கிறார். பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல், தன்னைப் போல் அவதிப்படுகிற ஒருவரிடம் பேசியே ஆக வேண்டும் என்று ஊர்ச் சர்ச்சுகளுக்குப் போன் போட்டு விசாரிக்கிறார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வந்தவர் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்தார். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, தன் கதையை மட்டும் சொன்னார். பாப் கடைசியாகக் குடித்தது அந்த வருடம் ஜூன் 10, அதைத்தான் அமைப்பின் தொடக்க நாளாக வைத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் 1957-லிருந்து இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன, தமிழிலும் உண்டு. பெயர் மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார்கள். பார் மேஜையில் சொன்ன அதே சம்பவம் இங்கேயும் வரும், சாக்கடையும் வரும், சிரிப்பும் வரும், நம்பமாட்டீர்கள், நன்றாகவே சிரிப்பார்கள். ஆனால் இடையில் புகுந்து "அது கிடக்குது, என் கதையைக் கேளு" என்று யாரும் தாண்ட முடியாது, அறிவுரையும் சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போன பிறகு நடந்ததையும் சொல்கிறார்கள், ராத்திரியின் இரண்டு பாதியும் ஒரே வாயில் வருகிறது. மன்னிப்பு இங்கே சிரிப்பிலேயே முடிந்துவிடாது. யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போட்டு, நேரில் போய்ச் சரிசெய்வது அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் இரண்டு படி.

குழந்தைகள் முன்னால் சொல்லலாமா?

வேண்டாம். "அப்பா அன்னைக்குச் செம மப்புல" என்று சித்தப்பா ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். மேலே மார்லட் சோதனையில் சொன்ன நம்பிக்கை இந்த வயதில்தான் ஏறுகிறது.

நண்பர் சொல்கிற கதைகளைக் கேட்டால் இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் சிரிப்பதை நிறுத்துங்கள், சண்டை வேண்டாம், சிரிக்காமல் கேட்டாலே போதும். அப்புறம் கதைக்குள் என்ன வருகிறது என்று கவனியுங்கள். எதுவும் ஞாபகம் இல்லை என்பது அடிக்கடி வருகிறதா, காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டேன் என்று வருகிறதா, கதையில் முன்பு நான்கு பேர் இருந்தார்கள், இப்போது அவர் மட்டும்தான் இருக்கிறாரா? கடைசி இரண்டும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம். குடிக்காமல் தெளிவாக இருக்கிற நேரத்தில், தனியாக, அவர் சொன்ன சம்பவத்தையே எடுத்துப் பேசுங்கள்.

"நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்து" என்று மட்டும் சத்தியம் வாங்காதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, உடல் நடுக்கம் எல்லாம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் மருந்து கொடுத்து நிறுத்துவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவர் பேசத் தயாராக இல்லையென்றால் நீங்களே முதலில் கூப்பிட்டு விசாரிக்கலாம்.